எண் செய்த குற்றம்

அல்லைப்பிட்டிக் கரையிலே மீன்பெட்டி சுமக்கும் மோட்டார் சைக்கிள் ஒன்று, தென்னிலங்கை நகரொன்றில் சிவப்பு விளக்கை மீறிச் சென்றதாம். யாழ்ப்பாணச் சந்தைக்கு அப்பாற் சென்றறியாத வண்டி அது. அயல்வீட்டுத் தொழிலாளி அவ்வறிவித்தலை எம்மிடம் கொணர்ந்து, "மாஸ்டர், இதை ஒருக்கால் வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். தமிழும் அரசகரும மொழியென 1987இன் பதின்மூன்றாந் திருத்தம் கூறுகின்றது. கடிதமோ சிங்களத்தில் மட்டுமே இருந்தது. நாமும் பிறரை நாடினோம்.

யாரோ ஒருவன் அவரது இலக்கத்தைத் தன் வண்டியிற் பூட்டி ஓடியிருக்கின்றான். வண்டியின் மெய்யான அடையாளம் அடிச்சட்டத்திலும் இயந்திரத்திலும் பொறித்த எண்களே. கமராவின் கண்ணுக்கு அவை புலப்படா. ஆயினும், படத்திலிருந்த வண்டியின் நிறமும் வகையும் வேறு. பதிவேட்டைப் புரட்டியிருந்தால் எவருக்கும் அது விளங்கியிருக்கும்.

புரட்டாதவர் எதனையும் இழக்கவில்லை. இவரோ பதிவுச் சான்றிதழும் படங்களுமாய் முறைப்பாட்டுக்கு அலைந்து, மூன்று நாள் உழைப்பை இழந்தார். 1990இலும் 2006இலும் ஊரைவிட்டு ஓடிய மக்கள் இவர்கள். தாம் யாரென்று சோதனைச்சாவடிதோறும் கடதாசி காட்டி வாழ்ந்தவர்கள். இன்று வண்டிக்கும் சாட்சி தேடுகின்றனர்.

அறிவித்தல் இறுதியில் மீளப் பெறப்பட்டது. இழந்த உழைப்புக்கு ஈடு கொடுப்பார் எவருமிலர். குற்றஞ் சாட்டுவோரே அதனை நிறுவவேண்டும் என்பது நீதியின் அரிச்சுவடி. அந்தப் பாடத்தை ஏழையின் செலவிலா அரசு கற்கவேண்டும்?