ஏழு சீட்டா, அஞ்சு சீட்டா?

எங்கள் பக்கம் டிராக்டர் பேச்சுக்கு அடுத்தபடி இப்போது கார் பேச்சுதான். வீரவநல்லூர், சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி என்று எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் ஒருத்தர் ‘வேகன் ஆர்’ என்பார், ஒருத்தர் ‘எர்டிகா’ என்பார், மூன்றாமவர் ‘ரெண்டும் வேண்டாம், டொயோட்டா எடு’ என்பார். பவர் டில்லர் வாங்கும்போது எத்தனை குதிரைத்திறன், டீசல் எவ்வளவு குடிக்கும் என்று துருவித் துருவிக் கேட்கிற நம் ஆட்கள், கார் என்று வந்துவிட்டால் மட்டும் ஊரார் கண்ணைக் கணக்கில் வைத்து முடிவெடுத்துவிடுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் தங்கச்சிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரம் மூன்று நாள் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். சிகிச்சைக்குக் காசு இல்லை, போக்குவரத்துதான் செலவு. டயாலிசிஸ் முடிந்து வருகிறவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பஸ்ஸில் நின்றுகொண்டு வர முடியாது. வாடகைக் காருக்கு ஒரு நடைக்கு 1,500 ரூபாய். மாதம் 13 நடை, 19,500 ரூபாய். தங்கச்சி மகனுக்கு மூன்று ஏக்கர், அதில் ஒன்றரை ஏக்கர் வாழை, மீதி நெல். இந்தச் செலவைத் தாங்குவதற்குச் சொந்தமாகக் கார் எடுத்துவிடலாம் என்று அவன் நினைத்ததில் தப்பே இல்லை. ஆனால் வந்து கேட்டது இப்படி: “மாமா, எடுக்கிறதுதான் எடுக்கோம், ஒரேயடியா ஏழு சீட்டா எடுத்துரலாம்லா? நாளைக்கு ஒரு கல்யாணம் கோயில்னா எல்லாரும் சேர்ந்து போகலாம்லா?”

வீட்டில் உள்ள ஆட்கள் ஏழு பேர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. காகிதத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தோம்.

அவன் கையில் வாழை வெட்டின பணம் இரண்டேகால் லட்சம் இருந்தது. சின்ன வேகன் ஆர் எல்லாம் சேர்த்து ரோட்டுக்கு வர ஆறேகால் லட்சம் போல. கடன் 4 லட்சம். எர்டிகாவில் ஆரம்ப வகையே ரோட்டுக்கு வர பத்தேகால் லட்சம். கடன் 8 லட்சம். ஒன்பதரை வட்டிக்கு ஐந்து வருடம் என்றால் லட்சத்துக்கு மாதம் 2,100 ரூபாய் தவணை. ஆக ஒன்றுக்கு 8,400, இன்னொன்றுக்கு 16,800. மாதம் 910 கிலோமீட்டர் ஓட்டம். நம் ரோட்டில் ஏ.சி. போட்டு ஓட்டினால் சின்ன வண்டி லிட்டருக்கு 18, பெரியது 14 கொடுக்கும் என்று வைத்துக்கொண்டேன். (கம்பெனிக்காரர்கள் 24, 20 என்பார்கள். அது அவர்கள் ரோடு.) பெட்ரோலுக்கு 5,100 ரூபாயும் 6,600 ரூபாயும் ஆகும்.

சின்ன வண்டிக்கு மாதம் 13,500 ரூபாய். வாடகைக் காரைவிட 6,000 ரூபாய் மிச்சம்; இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாவற்றையும் அதில் சமாளித்துவிடலாம். பெரிய வண்டிக்கு 23,400 ரூபாய். வாடகைக் காரே தேவலை. எந்தக் கஷ்டத்தைத் தீர்க்கக் கார் வாங்கப் போனானோ, அந்தக் கஷ்டத்தைப் பெரிய கார் இன்னும் கூட்டிவிடும். அதுவும் வாழைக்காரனுக்குத் தவணை மாதாமாதம், வரவு வருடத்துக்கு ஒருதடவை. நடுவில் ஆனி, ஆடிக் காற்று ஒன்று இருக்கிறது. குலை தள்ளின மரம் ஒரு ராத்திரியில் படுத்துவிட்டால் வங்கிக்கு அது தெரியாது.

இரண்டு வண்டிக்கும் இவ்வளவு விலை வித்தியாசம் ஏன் என்று கேட்டான். பாதிக் காரணம் வரி. 4 மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்குள் இருந்தால் அரசாங்கம் அதைச் சின்னக் கார் என்று சொல்லும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேலே போனால் 40 சதவீதம். வேகன் ஆர் 3,655 மில்லிமீட்டர். எர்டிகா 4 மீட்டருக்கு மேல், எஞ்சின் 1,462 சி.சி. அதாவது கோட்டைத் தாண்டிய நீளம் ஒரு முழம்கூட இல்லை. இந்த 4 மீட்டர் கோடு 2006 பட்ஜெட்டில் சின்னக் கார்களுக்குக் கலால் வரியைக் குறைத்தபோது வந்தது. அதற்குப் பிறகுதான் டிசையர் மாதிரியான வண்டிகளின் வாலை நறுக்கி 4 மீட்டருக்குள் அடக்கினார்கள். நம் மாநிலத்துச் சாலை வரியிலும் படிகள் உண்டு: 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். விலை 10 லட்சத்தை ஒட்டி நிற்கிற வண்டியைப் பார்க்கிறவர்கள் எந்தப் பக்கம் விழுகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்த கேள்வி, ‘டொயோட்டா எடு’ என்றவரைப் பற்றியது. கார் கம்பெனிகளிலும் பங்காளி, சம்பந்தி உறவு இருக்கிறது. ஹூண்டாயும் கியாவும் பங்காளிகள். மாருதி சுசுகியும் டொயோட்டாவும் சம்பந்திகள். 2019-இல் வந்த டொயோட்டா கிளான்சா, மாருதியின் பலேனோதான். 2023-இல் வந்த ருமியான், எர்டிகாதான். சுசுகி கட்டிக் கொடுக்கிறது, முகப்பும் பெயரும் மாறுகின்றன. எஞ்சின் ஒன்று, கியர் ஒன்று. வாரண்டிக்காக டொயோட்டா எடுத்தேன் என்று ஒரு காலத்தில் சொல்லலாம். 2024-இல் இருந்து மாருதியும் 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் கொடுக்கிறது, அந்த வித்தியாசமும் போய்விட்டது. நான் விசாரித்தபோது ருமியானின் ஆரம்ப விலையே 10 லட்சத்துக்கு மேல். எர்டிகா 9 லட்சத்துக்குள் ஆரம்பம். பெயருக்காக ஒரு படி மேலே ஏறினால் சாலை வரியும் கூடவே ஏறும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எந்தக் கம்பெனி சர்வீஸ் இருக்கிறது என்று பாருங்கள். அதற்காக ஒரு பெயரை விட்டு இன்னொன்றை எடுத்தால் அதில் அர்த்தம் இருக்கிறது.

சம்பந்தத்தில் ஆபத்தும் உண்டு. ரெனால்ட்டும் நிசானும் கூட்டு வைத்துச் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் வண்டி கட்டினார்கள். நிசான் வீட்டுப் பிள்ளையாக டாட்சன் வந்தது. 2015-இல் கோ பிளஸ் என்று, 4 மீட்டருக்குள் ஏழு சீட்டு, விலையும் குறைவு. பின்சீட்டில் குழந்தைகள்தான் உட்காரலாம் என்றாலும் நம் பக்கம் ஆசைப்பட்டு எடுத்தார்கள். 2022-இல் டாட்சன் என்ற பெயரையே இந்தியாவில் நிறுத்திவிட்டார்கள். சர்வீஸை நிசான் பார்க்கிறது. ஆனால் விற்கப் போனால் வாங்குகிறவன் முதலில் கேட்பது அதைத்தான்.

அதே ஒரகடத்தில் பிறந்த இன்னொரு ஜோடி, ரெனால்ட் க்விட்டும் டிரைபரும். இரண்டுக்கும் எஞ்சின் 999 சி.சி.தான். க்விட் 68 குதிரைத்திறன், டிரைபர் 72. டிரைபர் ஏழு சீட்டு. 4 மீட்டருக்குள் அடங்குவதால் 18 சதவீத வரிதான். ஏழு சீட்டு வேண்டும், பணம் குறைவு என்பவர்களுக்கு இன்றைக்கு இருக்கிற நேரான வழி இது. என் மருமகனுக்கும் இதைக் காட்டினேன். ஏழு பேரும் உட்கார்ந்தால் பின்னால் சாமான் வைக்க 84 லிட்டர் இடம். இரண்டு கைப்பை, ஒரு தூக்குச்சட்டி, அவ்வளவுதான். கடைசி இரண்டு சீட்டையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் 625 லிட்டர். பத்தமடையில் பாய் வியாபாரம் பார்க்கிற சிநேகிதர் ஒருவர் இந்த வண்டிதான் வைத்திருக்கிறார். வாரம் முழுக்கச் சீட்டு இல்லாமல் பாய்க்கட்டு ஏற்றுகிறார், ஞாயிற்றுக்கிழமை சீட்டை மாட்டிக் குடும்பத்தோடு போகிறார். அவருக்கு அது சரியான வண்டி. ஆனால் அவரே சொன்னார், ஏழு பேரும் ஏ.சி.யும் போட்டுக் காரையாறு மலையில் ஏறும்போது வண்டி முக்குகிறது என்று. 72 குதிரைக்கு அவ்வளவுதான் முடியும்.

காரையாறு என்றதும் ஒன்று. மருமகன் சொன்ன ‘கோயில்’, சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசை. சில வருடங்களாக அந்த நாட்களில் நம் வண்டியை மேலே விடுவதில்லை. அகஸ்தியர்பட்டியில் நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில்தான் போக வேண்டும். கல்யாணத்துக்கோ எங்கள் வீட்டு ஆட்களுக்கு ஏழு சீட்டும் காணாது. மதினி தன் அக்கா குடும்பத்தை விட்டுவிட்டு வருவாளா? வருடத்துக்கு நாலு தடவை வேன் பிடித்தால் 20,000 ரூபாய். பெரிய வண்டிக்குத் தவணையில் மட்டும் வருடத்துக்குக் கூடுவது 1,00,800 ரூபாய்.

தங்கச்சியின் உடம்புக்கு எது தோது என்பதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். அவளுக்கு முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டது. அந்த மாதிரி ஆட்களுக்கு வண்டியின் உயரம்தான் முக்கியம். பலேனோ வேகன் ஆரைவிட நீளம், விலையும் கூட. உயரம் 1,500 மில்லிமீட்டர். குனிந்து, பள்ளத்தில் இறங்குவது போல உட்கார வேண்டும். எழுந்திரிக்கும்போது ஒரு கை பிடித்துத் தூக்கணும். வேகன் ஆர் 1,675. கதவைத் திறந்தால் நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்துவிடலாம். எர்டிகாவும் 1,690 உயரம் என்பதால் நடுச்சீட்டில் ஏறுவது சுலபம், ஆனால் மூன்றாவது வரிசைக்கு நடுச்சீட்டைத் தள்ளிவிட்டு நுழைய வேண்டும். வயதானவர்களுக்கு அது இல்லாத சீட்டு. ஷோரூமுக்குப் போகும்போது வண்டி ஓட்டுகிறவனை மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். யாருக்காக வாங்குகிறீர்களோ அவரையும் கூட்டிப்போய் ஐந்து தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். மூன்றாவது தடவையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கன்னடியன் கால்வாய்க் கரை ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. வேகன் ஆர் 1,620 மில்லிமீட்டர் அகலம், எர்டிகா 1,735. நாலரை அங்குலம்தான் வித்தியாசம். எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் வரும்போது அந்த நாலரை அங்குலம் கால்வாய்க்குள் இருக்கும். வட்டமடிக்க வேகன் ஆருக்கு 9.4 மீட்டர் போதும், எர்டிகாவுக்கு 10.4 வேண்டும். தரையிலிருந்து உயரம் பெரிய வண்டிக்குத்தான் அதிகம் என்றும் இல்லை. க்விட்டுக்கு 184 மில்லிமீட்டர், வேகன் ஆருக்கு 165. வயல் பாதையில் தினமும் போகிறவர்கள் இதையும் பார்க்கணும்.

பெரிய வண்டி பத்திரம் என்பதும் அப்படியே ஏற்றுக்கொள்ளத்தக்கதல்ல. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 2023-இல் வேகன் ஆர் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம். 2024-இல் எர்டிகாவும் ஒரு நட்சத்திரம். டிரைபர் 2021-இல் நாலு நட்சத்திரம் வாங்கியது. அதற்கடுத்த வருடம் சோதனை விதிகளைக் கடுமையாக்கினார்கள், அதனால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. ஆறு ஏர்பேக் இருக்கிறதா என்று கேளுங்கள். பின்சீட்டிலும் பெல்ட் போடுங்கள். ஐந்து சீட்டு வண்டியில் ஏழு பேரை அடைத்துவிட்டு நட்சத்திரம் பேசிப் பயனில்லை.

சுமையும் அப்படித்தான். ஆர்.சி.யில் வெறும் வண்டி எடையும் சுமையோடு எடையும் போட்டிருக்கும். இரண்டையும் கழித்தால் வருவதுதான் ஆட்களும் மூட்டையும் சேர்ந்த கணக்கு. வாழைத்தார் ஏற்றக் குட்டியானை இருக்கிறது. காரில் ஏற்றி ஸ்பிரிங்கை ஒடிக்க வேண்டாம்.

மருமகன் ஐப்பசியில் வேகன் ஆர் எடுத்தான். இன்சூரன்ஸ் போடும்போது ஒன்றை மட்டும் நான் விடவில்லை. 2023 டிசம்பர் 17, 18-ஆம் தேதி வெள்ளத்தை நம் ஆற்றங்கரைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். அந்த மழைக்குச் சின்ன வண்டி, பெரிய வண்டி என்றெல்லாம் இல்லை. தண்ணீரில் நின்ற வண்டியைச் சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறி உள்ளே வளைந்துவிடும். சாதாரண பாலிசியில் அந்த எஞ்சின் செலவைப் பெரும்பாலும் தர மாட்டார்கள். ‘எஞ்சின் புரொடெக்ட்’ என்று தனியாகச் சேர்க்க வேண்டும். வண்டி விலையோடு பார்த்தால் அதற்கு ஆகும் பிரீமியம் பெரிய தொகை இல்லை. விற்கிறவர்கள் தாமாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். தண்ணீர் ஏறின வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துத்தான் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை வீட்டில் ஓட்டுகிற எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.