ஆபீசுக்குப் பிரயோஜனமில்லாத படிப்பு

இன்சூரன்ஸ் ஆபீசில் கிளார்க் வேலை பார்த்துக்கொண்டே நான் எம்.ஏ. படித்தேன். 1997லிருந்து 1999 வரைக்கும் இரண்டு வருசம். சமூகவியல். இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது, ஊரில் எத்தனையோ பேர் வேலை பார்த்துக்கொண்டே படிக்கத்தானே செய்கிறார்கள் என்று கேட்கலாம். கேட்கட்டும். எதுக்குப் படிக்கிறே என்ற கேள்விக்கு அந்த இரண்டு வருசமும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆபீசில் கேட்டார்கள். தெருவில் கேட்டார்கள். வகுப்பிலும் கேட்டார்கள். ஊர்த்தெருப் பொண்ணு யாரையும் இப்படி நிக்க வச்சி கேட்டு நான் பார்த்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்க ஊர் ஆம்பூர்ப் பக்கம். நைனாவுக்குத் தோல் பதனிடும் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. முடி நீக்குவதற்காகத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணியில் ஊறப்போடுவார்கள். அதில் இறங்கி மிதித்து, புரட்டிப் போட்டு, தூக்கி வெளியே போட வேண்டும். நைனாவின் கால் விரல் இடுக்கெல்லாம் வெந்து வெள்ளையாக இருக்கும். ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு படுக்கும். அம்மா பீடி சுற்றியது. எங்க தெருவில் பி.ஏ. பாஸ் பண்ணிய முதல் பொண்ணு நான். 1993இல் எஸ்.சி. இடத்தில் வேலை கிடைத்தது. அன்றைக்கு அம்மா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தது.

எம்.ஏ. படிக்க ஆபீசில் அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்தேன். வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் படிக்கலாம் என்று பதில் வந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் அதிகாரி கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். "ஏம்மா, இன்சூரன்ஸ் பரீட்சை எழுதலாமே. லைசென்ஷியேட் எழுது, அசோசியேட் எழுது. முடிச்சா சம்பளத்துல கூடும். ஆபீசுக்கும் பிரயோஜனம். சமூகவியல வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போற?" நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அந்தப் பரீட்சையையும் பிறகு எழுதினேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி உள்ளே தைத்துவிட்டது. ஆபீசுக்குப் பிரயோஜனமில்லாத படிப்பு எனக்கு எதற்கு?

பக்கத்து சீட்டுக்காரர் இன்னும் நேராகக் கேட்டார். "வேலையும் கோட்டாவுல வந்தாச்சி. புரமோஷனும் கோட்டாவுல வந்துடும். உங்களுக்கு எதுக்கு மேடம் எம்.ஏ.?" கோட்டாவில் அப்படி எதுவும் தானாக வந்துவிடவில்லை. 1992 நவம்பரில் மண்டல் வழக்கில் பதவி உயர்வுக்கு இடஒதுக்கீடு கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1995இல் அரசியல் சட்டத்தை 77ஆவது முறையாகத் திருத்தித்தான் எஸ்.சி., எஸ்.டி.க்கு அதைக் காப்பாற்ற முடிந்தது. இதை அவரிடம் சொன்னேன். "நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்" என்றார்.

எங்க தெருவில் கேட்டது வேறு மாதிரி. "அதான் வேல கெடச்சிடுச்சே, இன்னும் இன்னாத்துக்கு விடியவிடிய கண்ண கெடுத்துக்கிற?" என்று பக்கத்து வீட்டு ஆயா கேட்டது. அதில் குத்தல் இல்லை, கரிசனம்தான். ஆனாலும் அதிகாரி, சீட்டுக்காரர், ஆயா மூணு பேரும் சொன்னது ஒன்றுதான். உங்க ஆளுங்களுக்குப் படிப்பு வேலைக்கு. வேலை வந்தால் படிப்பு முடிந்தது. தெரிந்துகொள்வதற்காகப் படிப்பது வேறு யாருக்கோ. இந்தக் கணக்கை நம்ம ஆட்களும் நம்பும்படி செய்திருக்கிறார்கள் என்பதுதான் என்னை அறுத்தது.

அம்பேத்கர் படித்த கதையை நாம் அமெரிக்கா, லண்டன் என்று பெருமையாகச் சொல்கிறோம். நடுவில் இருக்கிற பகுதியைச் சொல்வதில்லை. பரோடா உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். 1918இலிருந்து 1920 வரை பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் வாத்தியார் வேலை பார்த்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்தார், சாகு மகராஜ் உதவினார், நண்பரிடம் கடன் வாங்கினார். அப்புறம்தான் மறுபடியும் லண்டன் போனார். சம்பாதித்துப் படிப்பது நமக்கு அப்போதே ஆரம்பித்தது.

பாடப் புத்தகங்கள் தபாலில் வரும். இங்கிலீசில் இருக்கும். பரீட்சையைத் தமிழில் எழுதலாம். விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்தால் ஆறு மணி வரைக்கும் என் நேரம். ஆறு மணிக்குக் குழாயில் தண்ணி வந்துவிடும். பையனுக்கு அப்போது மூணு வயசு, அம்மாதான் பார்த்துக்கொண்டது. அப்போது சனிக்கிழமையும் அரைநாள் ஆபீஸ். நேர்முக வகுப்பு சென்னையில், சனி ஞாயிறுகளில். மாசத்தில் இரண்டு சனிக்கிழமை லீவு போட்டு விடியக்காலை ரயில் பிடிப்பேன். வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துப் பீஸ் கட்டினார். ஆக, சர்ட்டிபிகேட்டில் என் பேர் ஒன்றுதான் இருக்கிறது. படித்தது மூணு பேர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கிராம ஆய்வு பற்றிப் பாடம். ஆந்த்ரே பெத்தேய் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு கிராமத்தில் தங்கி ஆராய்ச்சி செய்து, 1965இல் புத்தகம் போட்டார். ஸ்ரீபுரம் என்று அந்த ஊருக்குப் புனைபேர் வைத்திருந்தார். சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றையும் சேர்த்துப் பார்த்த முக்கியமான புத்தகம். நான் எழுந்து, "அவரு எந்தத் தெருவுல சார் குடியிருந்தாரு?" என்று கேட்டேன். "அக்ரகாரத்துலம்மா." "அப்ப சேரியப் பத்தி அவருக்கு எப்படி சார் தெரியும்?" வகுப்பில் சிரித்தார்கள். "பரீட்சைக்கு அது வராது. நீங்க எதுக்கு எம்.ஏ. பண்றீங்க, புரமோஷனுக்கா?" என்றார் ஆசிரியர். பெத்தேய் இதை ஒளிக்கவில்லை. பிராமணர் வீட்டில் குடியிருந்ததால் மற்ற தெருக்களோடு அந்த அளவு நெருங்க முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். ஆசிரியருக்குத்தான் அது கேள்வியாகவே படவில்லை. எங்க தெருவிலிருந்து ஒருத்தி போய் உட்கார்ந்தால்தான் இந்தக் கேள்வி வகுப்புக்கு வரும். நான் எதுக்குப் படிக்கிறேன் என்று அன்றைக்கு எனக்கே ஒரு பதில் கிடைத்தது.

இன்னொரு பதில் ஆபீசிலேயே இருந்தது. எனக்குக் கிளெய்ம் பிரிவில் வேலை. ஈ.எஸ்.ஐ. இல்லாத சின்னக் கம்பெனிகள் தங்கள் ஆட்களுக்காகத் தொழிலாளர் நஷ்டஈட்டு பாலிசி எடுத்திருக்கும். அந்தக் கணக்கெல்லாம் அப்போது 1923ஆம் வருசத்துச் சட்டத்தில் வந்தது. சட்டத்தின் கடைசியில் பட்டியல் இருக்கும். ஒரு கண் போனால் எவ்வளவு, கை போனால் எவ்வளவு. கட்டைவிரல் முழுசாகப் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் போனதாகக் கணக்கு. ஆள்காட்டி விரலுக்கு 14. வித்தை கற்றதற்காக ஏகலைவன் கொடுத்த கட்டைவிரலுக்கு நம்ம ஆபீஸ் கணக்கு 30 சதவீதம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆள் செத்தால் கணக்கு வேறு. மாசச் சம்பளத்தில் பாதியை எடுத்து, வயசுக்கு உண்டான ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். நாற்பது வயசுக்கு 184.17. ஐம்பது வயசுக்கு 153.09. எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் அப்போது 2,000 ரூபாய்க்கு மேல் கணக்கில் வராது. 2,000 ரூபாய் சம்பளக்காரருக்கு நாற்பது வயசென்றால் 1,84,170 ரூபாய். ஐம்பது வயசென்றால் 1,53,090. வித்தியாசம் 31,080 ரூபாய்.

1998இல் ஒரு பைல் வந்தது. ஒரு கம்பெனியில் கழிவுத்தொட்டியில் இறங்கியவர் மூச்சு முட்டிச் செத்துவிட்டார். நம்ம ஆள். பிறப்புச் சான்று இல்லை, பள்ளிக்கூடச் சான்றும் இல்லை. ஓட்டர் பட்டியலில் ஒரு வயசு, ரேஷன் அட்டையில் பத்து கூட. சம்சாரத்தை விசாரித்தால், "பாலாத்துல கரைபொரள தண்ணி போச்சே, அந்த வருசம் கைக்கொழந்தையாம்மா" என்கிறார். எந்த வெள்ளம், எந்த வருசம்? ஜாதகம் எழுதிவைத்த வீட்டில் பிறந்த நாழிகைகூட இருக்கும். எங்க வீட்டில் நைனாவுக்கே பிறந்த வருசம் தெரியாது. அந்தப் பைலில் இருந்த சந்தேகத்தை என் பக்கத்து சீட்டுக்காரர், "இவங்க எப்பவும் வயசக் கொறச்சித்தான் சொல்வாங்க" என்று முடித்தார். சமூகவியல் படிக்காமல் இருந்திருந்தால் நானும் அதை வெறும் பேப்பர் குறைபாடாகப் பார்த்திருப்பேன். பிறப்பை எழுதிவைக்காத ஊர், பள்ளிக்கூடத்தில் சேர்க்காத ஊர், தொட்டியில் இறக்கிய ஊர், கடைசியில் சான்று எங்கே என்று கேட்கிறது. நாலு பக்கம் குறிப்பெழுதி மேலே அனுப்பினேன். நாற்பது என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த அம்மாவுக்கு 31,080 ரூபாய் கூடக் கிடைத்தது. எம்.ஏ.வால் என்ன பிரயோஜனம் என்று கேட்டவர்களுக்கு இதை ரூபாயிலேயே சொல்லலாம். ஆனால் நான் சொல்ல வருவது ரூபாயை இல்லை. அந்த நாலு பக்கத்தை எழுதுகிற தைரியத்தை.

அந்த வருசம்தான் அம்பேத்கரின் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ படித்தேன். 1947இல் வந்தது. இன்சூரன்ஸ் முழுக்க அரசாங்கத்தின் கையில் மட்டும் இருக்க வேண்டும், வயதுவந்த ஒவ்வொருவரும் தன் கூலிக்கேற்ப ஆயுள் பாலிசி எடுத்தாக வேண்டும், இதை அரசியல் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்கிறார். ஐந்து வருசமாக இன்சூரன்ஸில் வேலை பார்க்கிற எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. எந்த இன்சூரன்ஸ் பரீட்சையிலும் இது கேள்வியாக வரவில்லை.

பொது இன்சூரன்ஸில் 107 கம்பெனிகளைச் சேர்த்து நாலு அரசுக் கம்பெனியாக ஆக்கியது 1973இல். நாங்கள் உள்ளே வந்த வாசல் அது. நான் எம்.ஏ. முடித்த 1999 டிசம்பரில் தனியாருக்கு வழிவிடும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. 2021இல் இன்னொரு சட்டம் வந்தது. அரசுப் பங்கு பாதிக்கு மேல் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் போனது. தனியார் கம்பெனியில் இடஒதுக்கீடு கிடையாது. எங்க தெருப் பிள்ளைகள் இன்றைக்கு இன்சூரன்ஸில் இருக்கிறார்கள். கமிஷனுக்குப் பாலிசி பிடிக்கிறார்கள், போனில் பேசுகிறார்கள். சீட்டு போட்டு உட்காருவது குறைந்துவிட்டது. அவர்களில் சிலர் அஞ்சல் வழியில் எம்.ஏ. படிக்கிறார்கள். ‘பார்ட் டைம் படிப்பு’ என்று மற்றவர்கள் இளக்காரமாகச் சொல்வதை அவர்களும் கூச்சத்தோடு திருப்பிச் சொல்கிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. பகல் முழுக்க உழைத்துவிட்டு மிச்ச நேரத்தில் படிப்பவர்தான் முழுநேரமும் எதையாவது செய்துகொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் எங்க வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பேர் வருவார்கள். ஷூ கம்பெனிப் பொண்ணுங்கதான் அதிகம். பரீட்சைப் பாடம் ஒரு மணி நேரம். அப்புறம் பரீட்சைக்கு வராதது ஒரு மணி நேரம். போன மாசம் அந்தப் பழைய நஷ்டஈட்டுப் பட்டியலைப் படித்துக் காட்டினேன். மிஷினில் விரல் நசுங்கிய ஒரு பொண்ணு கேட்டது, "எந்த விரலுக்கு எவ்ளோன்னு போட்டது யாருக்கா? நம்மாளு யாராவது அதுல உக்காந்திருந்தாங்களா?"

இந்தக் கேள்வி எந்தப் பல்கலைக்கழகத்தின் கேள்வித்தாளிலும் வராது. உங்க தெருவிலும் ஒரு திண்ணையும் ஒரு லைட்டும் இருக்கும். உட்காருங்க.