மூலையில் கிடைக்கும் ஒரு நிமிடம்

திரைப்படம் என்றாலே முகம் சுளிக்கும் இல்லத்தில் வளர்ந்தவர்கள் நாம். சேலத்தில் ஏற்காடு சாலையில் டி. ஆர். சுந்தரம் அவர்கள் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வாயிலாகத் தமிழுக்கு முதல் முழுநீள வண்ணப்படத்தை வழங்கியது. ஊரார் இவற்றையெல்லாம் பெருமையாகப் பேசிய நாள்களிலும் நம் தந்தையார் கொட்டகைப் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை. அந்தப் பழக்கம் நம்மிடமும் ஒட்டிக்கொண்டது. ஆகவே ஒரு திரைப்படத்தைப் பற்றி நாம் எழுத முற்படுவது, நம்மை அறிந்தவர்களுக்கு வியப்பளிக்கலாம். படத்தைத் திறனாய்வு செய்யும் தகுதி நமக்கு இல்லை. அப்படம் நம் வீட்டுத் திண்ணையில் நிகழ்த்திய ஒரு காரியத்தைச் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

நம் தங்கை மகன் ஒருவன் நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறான். கல்லூரியில் படித்த காலத்தில் குத்துச்சண்டை பயின்றவன். விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து ஓடுவான். மாலையில் மணல் நிரப்பிய சாக்கு மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டுக் குத்துவான். தந்தையை இழந்த பிள்ளை. நம் தங்கை தறி நெய்து சேர்த்த பணத்தில் நாள்தோறும் அவனுக்குப் பாலும் முட்டையும் கொடுத்து வளர்த்தாள். ஒருநாள் வெளியூரில் நடந்த போட்டிக்குச் சென்றான். முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினான்.

அந்த வாரமே நம் வீட்டில் ஒரு புதுநன்மை விருந்து. உறவினர் அனைவரும் பந்தியில் அமர்ந்திருந்தனர். அவன் இலையில் முட்டை வைக்கப்பட்டபோது நாம் உரத்த குரலில், "நாமக்கல் முட்டை அத்தனையும் தின்றுவிட்டு, குத்து வாங்கிக்கொண்டுதானே வந்தாய்?" என்றோம். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் முட்டையை அவன் தொடவில்லை என்பதை நம் துணைவியார் மட்டுமே கவனித்தார். அதன்பின் அவன் சாக்கு மூட்டையை அவிழ்த்துவிட்டான். பட்டறையில் சேர்ந்தான். சில ஆண்டுகளில் மதுவுக்கும் அடிமையானான். "இவன் உருப்படமாட்டான்" என்று தீர்ப்பு எழுதிவிட்டு நாம் ஒதுங்கிக்கொண்டோம். அந்தத் தீர்ப்பில் நம் பந்திப் பேச்சுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது அப்போது நமக்குத் தோன்றவேயில்லை.

2021ஆம் ஆண்டு கொரோனாவின் இரண்டாம் அலை ஓய்ந்துகொண்டிருந்த ஜூலை மாதம். திரையரங்குகள் திறக்கப்படவில்லை. ஒரு ஞாயிறு மாலை அவன் நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். அன்று குடித்திருக்கவில்லை. "மாமா, ஒரு படம் வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் டி.வி. பழுது. உங்கள் வீட்டில் போட்டுக்கொள்ளட்டுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். மறுக்க நமக்கு வாய் வரவில்லை. ஜூலை 22ஆம் நாள் அமேசான் பிரைம் வழியாக வெளிவந்திருந்த அப்படம், பா. இரஞ்சித் இயக்கிய 'சார்பட்டா பரம்பரை'. ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் படம். அடிதடியும் கரடுமுரடான சொற்களும் உண்டு. சிறு குழந்தைகளை உடன் வைத்துக்கொண்டு பார்ப்பதற்குரியதன்று என்பதைப் பெற்றோருக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

வடசென்னையில் குத்துச்சண்டை வெறும் விளையாட்டாக மட்டும் இருந்ததில்லை. சார்பட்டா, இடியப்பர் முதலிய பரம்பரைகள் மெய்யாகவே அங்கு இருந்தன. துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் நிறைந்த அப்பகுதியில், ஆங்கிலேயர் காலத்தில் வேரூன்றிய இக்கலையை ஏழை மக்கள் தங்கள் மானமாகவே போற்றினர். 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் கலந்துகொண்டபோது நகரமே திரண்டதற்கு அந்தப் பற்றும் ஒரு காரணம் எனலாம்.

படத்தின் நாயகன் கபிலன், துறைமுகத்தில் மூட்டை சுமப்பவன். நடிகர் ஆர்யா அவ்வேடத்தை ஏற்றிருக்கிறார். அவனுடைய தந்தையும் குத்துச்சண்டை வீரரே. அந்தப் புகழ் அவரை அடியாளாக்கி, இறுதியில் உயிரையே பறித்தது. அதனால் தாய் பாக்கியம் தன் மகன் சண்டை நடக்கும் இடத்தின் பக்கம் போனாலே அடிக்கவும் தயங்காதவள். எனினும் ரங்கன் வாத்தியாரின் மானம் காக்கக் கபிலன் மேடையேறுகிறான். இடியப்ப பரம்பரையின் வேம்புலியை வீழ்த்தும் வேளை நெருங்குகையில், எதிர்த்தரப்பினர் கலவரம் மூட்டி, ஊர் காண அவன் ஆடையைக் களைந்து அவமானப்படுத்துகின்றனர். நெருக்கடிநிலைக் காலம் அது. 1976 சனவரி 31ஆம் நாள் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதும் கதையில் பின்னப்பட்டுள்ளது. வாத்தியார் சிறை செல்கிறார். கபிலன் கள்ளச்சாராயத்தில் விழுகிறான். காய்ச்சுகிறான், குடிக்கிறான், உடல் பெருத்து, கண் சிவந்து, கட்டிய மனைவி மாரியம்மாளின் கண்ணீருக்குக் காரணமாகிறான்.

இந்த இடத்தில் நம் மண்ணின் வரலாறு ஒன்று நினைவுக்கு வந்தது. இன்றைய நாமக்கல் மாவட்டத்தில், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமத்தை நிறுவிய இராஜாஜி, மதுவின் தீமையை எடுத்துரைக்கவே 'விமோசனம்' என்னும் இதழை நடத்தினார். அவர் முதலமைச்சரானதும் 1937 அக்டோபர் முதல் நாள் சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கு வந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். பின்னர் 1971இல் அது தளர்த்தப்பட்டது. 1974இல் மீண்டும் வந்தது. 1981இல் மறுபடியும் நீங்கியது. கபிலனின் கதை நடக்கும் காலத்தில் மதுவிலக்கு நடப்பில் இருந்தது. அதனால்தான் அவன் கள்ளச்சாராயம் காய்ச்சுகிறான். சட்டம் வந்தும் போயும் இருக்கிறது. உள்ளே உடைந்துபோன மனிதன், கடை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் குடிப்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிடுகிறான். கடையை மூடச் சொல்லிக் குரல் கொடுப்பது நம் கடமையே. ஆனால் உடைந்த மனிதனைக் கவனிப்பது அதற்கு முந்தைய கடமை அன்றோ?

படத்தில் கபிலன் தரையில் விழுந்து கிடக்கும் காட்சி வந்தபோது, நம் மருமகன் எழுந்து வெளியே போனான். தண்ணீர் குடிக்கப் போகிறான் என்று எண்ணினோம். நெடுநேரம் திரும்பவில்லை. சென்று பார்த்தால், திண்ணையில் இருட்டில் அமர்ந்திருந்தான். அருகில் சென்று உட்கார்ந்தோம். என்ன பேசுவதென்று தெரியாமல், "குத்துச்சண்டையில் ஒரு சுற்றுக்கும் மறு சுற்றுக்கும் இடையில் முக்காலி போட்டு உட்கார வைக்கிறார்களே, அப்போது வாத்தியார் என்ன சொல்வார்?" என்று கேட்டோம்.

அவன் சொல்லத் தொடங்கினான். சுற்று மூன்று நிமிடம். இடையில் ஓய்வு ஒரே நிமிடம். வீரன் தன் மூலைக்கு வந்து அமர்வான். அவனுடைய ஆட்கள் முதலில் வாயிலுள்ள பல்காப்பை எடுத்துக் கழுவுவார்கள், ஒரு வாய் தண்ணீர் கொடுப்பார்கள், முகத்தைத் துடைப்பார்கள். அதன் பின்பே வாத்தியார் பேசுவார். "நிறையப் பேசமாட்டார், மாமா. நிறையச் சொன்னால் காதில் ஏறாது. இடக்கையைத் தூக்கி வை, மூச்சை இழுத்து விடு என்று ஒன்றோ இரண்டோதான் சொல்வார். திட்டவே மாட்டார். திட்டினால் அடுத்த சுற்றுக்கு எழுந்திருக்கவே முடியாது."

சற்று நேரம் மௌனமாக இருந்தான். பிறகு தரையைப் பார்த்தபடியே, "அன்றைக்கு நான் தோற்றேன், மாமா. எதிரி என்னைவிடக் கெட்டிக்காரன். அதில் எனக்கு வருத்தமில்லை. ஊருக்கு வந்தால் என் மூலையில் யாராவது இருப்பீர்கள் என்று நினைத்தேன்" என்றான். முட்டையைப் பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நமக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

நாம் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அறுபது வயதைக் கடந்த தாய்மாமன் மருமகனிடம் மன்னிப்புக் கேட்பது நம் பக்கத்தில் வழக்கமன்று. நாக்கு எளிதில் வளையவில்லை. இருந்தாலும் கேட்டோம். உள்ளே படம் ஓடிக்கொண்டே இருந்தது. சிறிது நேரம் கழித்து இருவரும் சென்று எஞ்சிய பகுதியையும் பார்த்தோம்.

அந்த எஞ்சிய பகுதிதான் நமக்குப் படத்தின் உயிராகத் தோன்றியது. சண்டையே கூடாதென்று தடுத்த தாய்தான் விழுந்த மகனை எழுப்புகிறாள். கணவனின் குடியால் மிகுதியும் அடிபட்ட மாரியம்மாள் அவனுடைய தவற்றை மூடி மறைப்பதில்லை. முகத்துக்கு நேரே உண்மையைப் பேசுகிறாள். ஆனால் அவன் எழுவான் என்னும் நம்பிக்கையைக் கைவிடுவதில்லை. கடலோரத்தில் வாழும் பீடி ராயப்பன் என்னும் முதியவர், பெருத்துப்போன அவ்வுடலை மீண்டும் பயிற்றுவிக்கிறார். இராயப்பர் என்பது நம் மூத்தோர் புனித பேதுருவுக்கு வழங்கிய பெயர். கடற்கரை மனிதர், மும்முறை விழுந்து எழுந்தவர். இப்பெயர் வேண்டுமென்றே வைக்கப்பட்டதோ, தற்செயலோ, நம் மனம் அதில் நின்றது.

மூவரிடமும் நாம் ஒன்றைக் கண்டோம். அவர்கள் அவனுக்குச் செல்லம் கொடுக்கவில்லை, ஏளனமும் செய்யவில்லை. மூலையில் நின்றார்கள். அவ்வளவே. ஆயினும் மாரியம்மாளைப் போன்ற பெண்கள் படும் பாட்டை எளிதாக எண்ணிவிடக் கூடாது. குடிப்பவனைத் திருத்தும் பாரம் முழுவதையும் மனைவியின் தலையில் ஏற்றிவிட்டு உறவினர் வேடிக்கை பார்ப்பது பெரும் பாவம். கைநீட்டும் கணவனிடமிருந்து அவளையும் பிள்ளைகளையும் காப்பதும் மூலையில் நிற்போரின் பொறுப்பே.

அன்றிரவோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். படம் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும், வாழ்க்கை அப்படியன்று. மறுவாரம் அவனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். குடிப்பழக்கம் ஒரு நோய் என்பதையும், பல ஆண்டுகள் மிகுதியாகக் குடித்தவர் ஒரே நாளில் தாமாக நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் முதலியவை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதையும் மருத்துவர் விளக்கினார். ஆதலால் மருத்துவரின் மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும். "மன உறுதி இருந்தால் போதாதா?" என்று அதுவரை பேசித் திரிந்த நமக்கு அது ஒரு பாடம்.

அடுத்த ஆண்டு தவக்காலத்தில் அவன் மறுபடியும் விழுந்தான். இரவு பதினொரு மணிக்குத் தங்கை தொலைபேசியில் அழுதாள். நாம் சென்றபோது, பட்டறைக்கு அருகில் பாதி கட்டிய லாரியின் நிழலில் கிடந்தான். நம் வாய் வரை வந்த சொற்கள் பல. திண்ணையில் அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. முகத்தைத் துடைத்துவிட்டோம். தண்ணீர் கொடுத்தோம். "நாளைக் காலை ஒன்பது மணிக்கு மருத்துவமனை. நானும் வருகிறேன்" என்று மட்டும் சொன்னோம். ஒரு நிமிடத்திற்கு அது போதும் என்று தோன்றியது. மறுநாள் நாம் போய் நின்றபோது, அவன் நமக்கு முன்பே சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் காத்திருந்தான்.

குத்துச்சண்டையில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற இந்தியர் இதுவரை மூவரே. 2008இல் விஜேந்தர் சிங், 2012இல் மேரி கோம், 'சார்பட்டா' வெளிவந்த இரண்டு வாரங்களுக்குள் டோக்கியோவில் லவ்லினா. மூன்றும் வெண்கலம். அதாவது, மூவருமே அரையிறுதியில் தோற்றவர்கள். அவர்களை நாம் மாலையிட்டு வரவேற்கிறோம். நம் வீட்டுப் பிள்ளை தோற்று வந்தால் மட்டும் பந்தியில் வைத்து நகையாடுகிறோம்!

பவுலடியார், நம் மூத்தோர் வழக்கில் புனித சின்னப்பர், கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 9ஆம் அதிகாரத்தில் ஓட்டப் பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் ஆன்மீக வாழ்வுக்கு உவமையாகக் கூறுகிறார். அப்பகுதியைக் கோவிலில் கேட்கும்போதெல்லாம் நாம் நம்மை வீரனாகவே எண்ணிக்கொள்வது வழக்கம். இப்போது, முக்காலியையும் தண்ணீர்ச் செம்பையும் ஏந்தி மூலையில் நிற்கும் ஆளாகவும் எண்ணிப் பார்க்கிறோம்.

நம் மருமகன் இன்று குடிப்பதில்லை. நாளையைப் பற்றி அவனும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. பட்டறை விடுமுறை நாள்களில் எங்கள் வீட்டுப் பின்புற வேப்பமரத்தில் பழைய சாக்கு மூட்டை மீண்டும் தொங்குகிறது. தெருப் பிள்ளைகள் நால்வர் வந்து பயில்கிறார்கள். சென்ற மாதம் அவர்களுள் ஒருவன் போட்டியில் தோற்று வந்தான். அவனை உட்கார வைத்து, நம் மருமகனே முட்டையை உரித்துக் கையில் கொடுத்தான். பையன் சாப்பிட்டு முடிக்கும் வரை யாரும் எதுவும் பேசவில்லை.

அன்பு வாசகர்களே, உங்கள் இல்லத்திலும் தேர்வில் தோற்ற மகளோ, வேலை இழந்த தம்பியோ, கடனில் விழுந்த மைத்துனரோ இருக்கலாம். அவர்கள் அடுத்த சுற்றுக்கு எழ வேண்டியவர்கள். ஓய்வு ஒரு நிமிடம்தான். அந்நிமிடத்தில் நம் கையில் இருக்க வேண்டியது தண்ணீர். நம் நாவில் இருக்க வேண்டியது ஒரே ஒரு நல்ல சொல்.