குப்பைக் கிடங்காகாமல் தப்பிய மெஸ்ஸெல்

ஜேர்மனியின் டார்ம்ஸ்டட் நகருக்கு அண்மையில் மெஸ்ஸெல் என்ற சிறிய ஊர் இருக்கிறது. உறவினர் வீட்டுக்குப் போயிருந்த நாட்களில் அங்கு சென்றுவரும் வாய்ப்புக் கிடைத்தது. காட்டுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் நீளமும் 60 மீற்றர் ஆழமும் கொண்ட பெரிய குழி. மேலிருந்து பார்த்தால் கைவிடப்பட்ட சுரங்கம் போலத்தான் தெரிகிறது. ஆனால் 1995ஆம் ஆண்டு முதல் இது யுனெஸ்கோவின் உலக மரபுரிமை இடம். வழிகாட்டி ஒருவருடன் மட்டுமே உள்ளே இறங்கலாம்.

சுமார் 4 கோடி 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் எரிமலை வெடிப்பொன்றினால் இங்கு ஆழமான பள்ளம் உண்டாகி, அது ஏரியாக மாறியது. சுற்றிலும் வெப்பமான காடு. நீரின் மேற்பரப்பில் அல்காக்கள் பெருகி, இறந்து, அடியில் படிந்தன. அடிநீரில் ஒட்சிசன் இல்லாததால் அவை முற்றாக உக்கிப் போகவில்லை. களியுடன் சேர்ந்து படைபடையாக இறுகி, எண்ணெய் மாக்கல் என்ற அடையற் பாறையாயின. ஒரு படையின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

வழிகாட்டி ஒரு துண்டை எங்கள் கைகளில் தந்தார். கறுப்பாக, ஈரமாக இருந்தது. அதில் 40 சதவீதம் அளவு நீர். 15 சதவீதம் அளவு கெரோஜென் எனப்படும் சேதனப் பொருள். நிலத்தின் கீழே ஆழப் புதைந்து, 60 முதல் 120 பாகை செல்சியஸ் வெப்பத்தில் மிக நீண்ட காலம் கிடந்தால் கெரோஜென் மசகு எண்ணெயாக மாறும். மெஸ்ஸெல் பாறை அவ்வளவு ஆழத்துக்குப் போகவில்லை. ஆகவே மனிதர்களே அதை உலையில் சூடாக்கி எண்ணெய் எடுத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அகழ்வு 1971இல் நின்றது.

வெப்பம் படாததால் பழைய தாவரப் பச்சையத்தின் மிச்சமான போர்பிரின் என்ற பொருள் இப்பாறையில் இன்றும் இருக்கிறது. பச்சையத்துக்கும் போர்பிரினுக்கும் உள்ள இந்த உறவை 1930களில் காட்டியவர் மியூனிக் நகர இரசாயனவியலாளர் அல்பிரட் ட்ரைப்ஸ். மசகு எண்ணெயிலும் பாறைகளிலும் அவர் இதைக் கண்டுபிடித்ததால், எண்ணெய் ஒருகாலத்தில் உயிருள்ளவற்றிலிருந்து வந்தது என்பதற்கு வலுவான சான்று கிடைத்தது.

என்னை மிகவும் நெகிழச் செய்தது ஒரு தாய்க் குதிரையின் கதை. 2000ஆம் ஆண்டில் இங்கு கண்டெடுக்கப்பட்ட அதன் உருவம் நரியளவுதான். வயிற்றினுள் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் நீளமான குட்டி. எலும்புகள் மட்டுமல்ல, கருப்பையின் சாயலும் பதிந்திருந்தது. தசையில் பெருகிய பற்றீரியாக்களே கனியமாக மாறி அந்த வடிவத்தைக் காத்தன. எத்தனை கோடி ஆண்டுகள் கழிந்தும் அந்தத் தாய்மை கல்லில் இருக்கிறது.

இவையெல்லாம் குப்பைக்குள் புதைந்து போக இருந்தன. அகழ்வு நின்றதும் மாநில அரசு இக்குழியைக் குப்பை கொட்டும் இடமாக்கத் திட்டமிட்டது. ஆயத்த வேலைகளும் நடந்தன. ஊர் மக்கள் குழுவாகச் சேர்ந்து எதிர்த்தார்கள், ஆய்வாளர்களும் துணைநின்றார்கள். விடயம் நீதிமன்றம் வரை சென்றது. ஏறக்குறைய 20 ஆண்டுகால முயற்சிக்குப் பின் திட்டம் கைவிடப்பட்டு, 1991இல் மாநில அரசே நிலத்தை வாங்கிப் பாதுகாப்புக்கு எடுத்துக்கொண்டது.

சமூக சேவையில் ஈடுபடுவோருக்கு இதில் படிப்பினை உண்டு. அகழ்வு நின்றதும் குழிக்குப் பெறுமதி இல்லை என்று அலுவலகக் கணக்குச் சொன்னது. அங்கேயே வாழ்ந்த மக்கள் வேறு கணக்கு வைத்திருந்தார்கள். தங்கள் ஊரை நாற்றக் கிடங்காக்க அவர்கள் விரும்பவில்லை. அந்த விருப்பமே பூமியின் பழைய ஏட்டையும் காப்பாற்றியது.

வேலை இன்னும் முடியவில்லை. காற்றுப் பட்டால் மாக்கல் உலர்ந்து வெடித்து, உயிர்ச்சுவடுகள் பொடியாகிவிடும். எடுத்த உடனேயே ஈரத்தில் வைத்து, பின்னர் செயற்கைப் பிசினுக்கு மாற்றுகிறார்கள். ஒவ்வொரு கோடையிலும் கத்தியும் பொறுமையுமாக ஆய்வாளர்கள் அங்கே பாறையைப் படைபடையாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.