பழுது தொலைவில் இல்லை

அன்பிற்குரிய பங்கு மக்களே,

உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11ஐ ஏற்க இயலாத, ஆனால் நன்றாக இயங்கிக்கொண்டிருந்த மடிக்கணினிகள் நம் வீடுகளில் பல உண்டு. மேற்குச் சிட்னியில் தனித்து வாழும் மூதாட்டி ஒருவரின் கணினியும் அத்தகையதே. "புதிது வாங்க வேண்டாம் அம்மா, லினக்ஸ் மின்ட் நிறுவித் தருகிறேன்" என்று நானே முன்வந்தேன்.

நவம்பரில் ஒரு ஞாயிறு மாலை பழையதை அழித்துப் புதியதை நிறுவினேன். திரை அழகாக எழுந்தது. வைஃபை மட்டும் இல்லை. ஞாயிறுதோறும் இரவு 8.30 மணிக்கு, அதாவது பாசையூரில் பிற்பகல் 3 மணிக்கு, அவர் தம் தங்கையைக் காணொளியில் சந்திப்பார். தங்கை பக்கவாதத்தால் பேச்சிழந்தவர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே அவர்களது உரையாடல். என் கைபேசியை நீட்டினேன். கண்பார்வை மங்கிய அவருக்கு அச்சிறு திரை பயன்படவில்லை.

"இண்டைக்குத் தங்கச்சியைப் பாக்கேலாதோ, சுவாமி?" என்றார்.

நான் மோடத்தை மூன்று முறை அணைத்து இயக்கினேன். இணைய இணைப்பு வழங்குவோரை மனத்துக்குள் கடிந்துகொண்டேன். அவரது கைபேசி அதே வைஃபையில் இயங்கிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். இணைப்பு நலமாகவே இருந்தது. பழுது என் கையிலிருந்த கணினியில்.

அதன்பின் அருகிலிருந்து தொடங்கினேன். முனையத்தில் 'எல்எஸ்பிசிஐ' என்னும் கட்டளையை இட்டதும் உள்ளிருக்கும் வன்பொருள்களின் பட்டியல் வந்தது. வைஃபை சில்லும் அதில் இருந்தது. ஆனால் அதை இயக்கும் டிரைவர் இல்லை. சில சில்லுகளின் டிரைவர்கள் கட்டற்ற உரிமத்தில் கிடைப்பதில்லை; அவற்றைத் தனியே பெற வேண்டும். பெறுவதற்கோ இணையம் வேண்டும்!

வழி எளிதாகவே இருந்தது. என் ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி கம்பியால் கணினியுடன் பிணைத்து, அமைப்புகளில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்கினேன். கைபேசியின் இணையம் கணினிக்கு வந்தது. லினக்ஸ் மின்டின் டிரைவர் மேலாளர் உரிய டிரைவரைக் காட்டியது. நிறுவி, மறுதொடக்கம் செய்தேன். அண்டை வீடுகளின் வைஃபை பெயர்கள் வரிசையாகத் தோன்றின.

அப்போது மணி 9.10. பாசையூரில் தங்கை நாற்பது நிமிடங்களாகக் காத்திருந்தார். அக்காவின் முகம் தெரிந்ததும், இயங்கும் ஒரு கையை உயர்த்தினார். நான் சமையலறைக்குச் சென்று தேநீர் வைத்தேன்.

உங்களுள் எவரேனும் இம்முயற்சியில் இறங்கினால், நான் தவறவிட்டதைத் தவறவிடாதீர்கள். லினக்ஸ் மின்டை நிறுவாமலே, யுஎஸ்பி குச்சியிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். வைஃபை இயங்குகிறதா என்று அதிலேயே சோதியுங்கள். கோப்புகளை வேறிடத்தில் சேமியுங்கள். பிறகே பழையதை அழியுங்கள். வைஃபை இணைந்தும் தளங்கள் திறக்கவில்லையெனில், முனையத்தில் 'பிங் 1.1.1.1' என்று இடுங்கள். அதற்கு மறுமொழி வந்தால் இணைப்பு உண்டு. பெயர்களை எண்முகவரிகளாக மாற்றும் டிஎன்எஸ் அமைப்பைத்தான் சரிபார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னொருவர் காத்திருக்கும் நாளில் இவ்வேலையைத் தொடங்காதீர்கள். அம்மூதாட்டி என்னை மன்னித்துவிட்டார். ஆயினும் ஞாயிறு மாலைகளில் என்னைக் கண்டால், கணினியைச் சற்றே தம் பக்கம் இழுத்துக்கொள்கிறார்.

அன்புடன்,
உங்கள் அருட்பணியாளர்