அறிவிப்பும் ஆவலும்

மனிதன் பொருளை மட்டுமன்றி, அது வரப்போகிறது என்னும் செய்தியையும் விரும்புகிறான். சில வேளை செய்தியின் சுவை பொருளின் சுவையை விஞ்சிவிடுவதும் உண்டு. இதனை நன்கறிந்தோர் வீடியோ விளையாட்டுகளை ஆக்கி விற்கும் நிறுவனத்தார்.

'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' வரிசையின் ஆறாம் விளையாட்டுக்கு 2023 டிசம்பரில் முன்னோட்டம் வெளியாயிற்று. 2025-இல் வரும் என்றார்கள். பின்னர் 2026 மே 26 என்றார்கள். 2025 நவம்பரில் அதனையும் மாற்றி 2026 நவம்பர் 19 என்றார்கள். திருட்டை ஆட்டமாக்கும் அதன் உள்ளடக்கம் நமக்கு உடன்பாடன்று. அது தனிப் பேச்சு. அறிவிப்பு மனிதரிடம் செய்யும் வேலையே ஈண்டு நம் பொருள்.

என் மகன் முன்னோட்டம் வந்த அன்றே உண்டியலில் காசு சேர்க்கத் தொடங்கினான். பிரவுசிங் சென்டர்களில் 'வைஸ் சிட்டி' ஆடி வளர்ந்த என் தம்பி, "வரட்டும், பார்ப்போம்" என்றதோடு நிறுத்திக்கொண்டார். எனக்கோ இரண்டும் புதுமை. எங்கள் இளமையில் கடைத்தெருவில் விளையாட்டுப் பெட்டி வந்து நின்ற பின்பே அப்படியொன்று உண்டெனத் தெரியும். காத்திருப்பும் இல்லை, ஏமாற்றமும் இல்லை.

தம்பியின் ஐயம் காரணமற்றதன்று. 2012-இல் அறிவிக்கப்பெற்ற 'சைபர்பங்க் 2077' எட்டாண்டுகள் கழித்து, 2020 டிசம்பர் 10-இல் வந்தது. எண்பது இலட்சம் பேர் முன்னரே வாங்கியிருந்தனர். குறைகள் மலிந்திருந்தமையால் சோனி நிறுவனம் சில நாட்களிலேயே அதனைத் தன் இணையக் கடையிலிருந்து நீக்கிப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. நம் நாட்டிலும் 2020 செப்டம்பர் 2-இல் பப்ஜி தடை செய்யப்பட்ட இரண்டாம் நாளே 'ஃபாவ்-ஜி' அறிவிக்கப்பட்டது. 2021 ஜனவரி 26-இல் வந்தபோது, பப்ஜி போன்ற போர்க்களத்தை எதிர்பார்த்த இளைஞர் கண்டது கைகலப்புச் சண்டைகள் நிறைந்த ஒரு கதையை மட்டுமே.

எனினும் இளைஞரை எள்ளி நகையாட முத்துக்கரை மக்களாகிய நமக்கு உரிமை ஏது? முத்துக்குளிப்பு அறிவிப்பு வந்தால் தூத்துக்குடியும் காயலும் கீழக்கரையும் விழித்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. ஆனால் அவ்வறிவிப்புக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் பார்களைச் சோதிப்பர். மாதிரிச் சிப்பிகளை எடுத்து அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை மதிப்பிடுவர். மனநிறைவு ஏற்பட்ட பின்பே அறிவிப்பர். 1955 முதல் 1961 வரை நம் கடலில் நடந்த குளிப்போடு அவ்வழக்கமும் நின்றது.

அக்கரையில் நேர்ந்ததும் நினைக்கத்தக்கது. 1905-இல் மன்னார்ப் பார்களில் கிடைத்த பெரும்பேற்றைக் கண்டு மயங்கி, ஒரு வெள்ளையர் கம்பெனி ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் இருபதாண்டுக்கு அவற்றைக் குத்தகை எடுத்தது. 1907-க்குப் பின் பார்கள் வறண்டன, கம்பெனியும் கலைந்தது. பெரிய முதலாளிகளே ஆவலில் வழுக்கினர் என்றால் உண்டியல் வைத்திருக்கும் சிறுவனை என்ன சொல்வது?

ஃபிக்ஹு நூல்களில் விலக்கப்பட்ட வாணிபங்களுள் ஒன்று 'ளர்பதுல் காயிஸ்': குளியாளி ஒரு முறை மூழ்கி எடுப்பதை, எடுக்குமுன்னரே விலைபேசுவது. என்ன வரும் என்பது இருவருக்கும் தெரியாது. அதே நூல்கள் முன்பணம் கொடுத்து வாங்கும் 'ஸலம்' வாணிபத்தை அனுமதிக்கின்றன. ஆயின் பொருளின் தன்மை, அளவு, ஒப்படைக்கும் தவணை ஆகியவை ஐயமறத் தெளிவாயிருத்தல் வேண்டும். அழகிய படங்களைக் காட்டித் தவணையை இருமுறை மாற்றும் அறிவிப்பு இவ்விரண்டில் எதனை ஒத்தது என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

ஆதலின் நம் பிள்ளைகளின் ஆவலை அணைக்க வேண்டியதில்லை. எதிர்நோக்குதல் இளமையின் செல்வம். அதற்குக் காசும் வேண்டாம். காசு கேட்கும்போது மட்டும், "மாதிரிச் சிப்பி எங்கே?" என்று கேட்கக் கற்பித்தால் போதும். அந்த ஒரு கேள்வி விளையாட்டோடு நில்லாது. நாளை வீட்டுமனை வாங்கும்போதும், வெளிநாட்டு வேலைக்கு முகவரிடம் பணம் கட்டும்போதும் அவர்களைக் காக்கும்.