தின்னுக்கும்

"இதுக்குன்னு தனியா தீனி போட வேணாம் சார். மேல இருக்கற மீனுங்க சிந்தறத கீழ போய்த் தின்னுக்கும். தொட்டியும் சுத்தமா இருக்கும்."

2020 செப்டம்பரில் மீன் கடைக்காரர் என்னிடம் சொன்னது இது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி ஓராண்டு கூட ஆகியிருக்கவில்லை. நான் பெங்களூரு அறையைக் காலி செய்துவிட்டு மடிக்கணினியோடு ஊருக்கு வந்து ஆறு மாதம். பகலில் தூக்கம், இரவில் அமெரிக்க நேரத்துக்கு வேலை. ராத்திரியில் உயிருள்ள ஏதாவது கூட இருக்கட்டும் என்றுதான் மூன்றடித் தொட்டி வாங்கினேன். இரண்டு ஏஞ்சல், எட்டு டெட்ரா. அடியில் கிடக்க நாலு கோரிடோரஸ், இரண்டு சக்கர் மீன். சக்கரைக் கடைகளில் 'டேங்க் கிளீனர்' என்றுதான் சொல்வார்கள். தலைகீழாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வாயை அசைத்துக்கொண்டே இருக்கும்.

கோரியும் சக்கரும் கெளுத்தி வகைதான், தென்னமெரிக்க ஆறுகளின் கெளுத்திகள். நம் கெளுத்தியையும் தேளியையும் அப்பா சிறுவயதில் ஏரியில் பிடித்திருக்கிறார். அவர் தொட்டியை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, "மீசையப் பாரு, கெளுத்தியேதான். முள்ளு இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. நாட்டுக் கெளுத்திக்கும் தேளிக்கும் அறிவியல் பெயர் கிடைத்ததே நம் கரையிலிருந்து போன மீன்களால்தான். பெர்லினில் இருந்த பிளாக் என்ற மருத்துவர் 1794இல் அவற்றை விவரித்தபோது அவருக்கு மாதிரி தரங்கம்பாடியிலிருந்து போயிருந்தது. ஆனால் கள்ளக்குறிச்சியில் கடைக்குப் போய்க் கெளுத்தி வேண்டும் என்றால் அமேசான் கெளுத்திதான் கிடைக்கும்.

நான் கடைக்காரர் சொன்னபடியே செய்தேன். மிதக்கும் தீனியைக் காலையும் மாலையும் தூவினேன். ஏஞ்சலும் டெட்ராவும் அரை நிமிடத்தில் தின்று முடித்தன. கோரி அவ்வப்போது விர்ரென்று மேலே வந்து நீர்ப்பரப்பைத் தொட்டுவிட்டுக் கீழே போகும். பசியோடு வருகிறதோ என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தூவினேன். பிறகுதான் தெரிந்தது, அது காற்றை விழுங்கிக் குடலால் மூச்சு விடும் மீன். தீனிக்காக வரவில்லை. கூடுதலாகத் தூவியதையும் மேலே இருந்தவை தின்றன. தின்னாதது அழுகி அம்மோனியாவானது. டிசம்பருக்குள் இரண்டு கோரிகள் செத்துப்போயின.

அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். பொங்கலுக்குத் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவள், கண்ணாடியில் ஒட்டியிருந்த சக்கரின் அடிப்பக்கத்தைக் காட்டினாள். "வயிறு ஒட்டிக் கெடக்குதுடா. இதுக்கு என்ன போடற?"

"தனியா போட வேணாம்மா. கீழ விழறதத் தின்னுக்கும்."

"மேல இருக்கறது மிச்சம் வெச்சாத்தான கீழ விழும்? மிச்சமே வெக்கலன்னா?"

எனக்கு உடனே பதில் இல்லை. எங்கள் வீட்டில் தினமும் ஒலிக்கும் ஒரு வாக்கியம் இருக்கிறது. "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம் சாப்டுக்கறேன்." தின்னுக்கும், சாப்டுக்கறேன். அந்த 'க்கும்' ஒட்டிக்கொண்டால் போதும், நாம் எழுந்து கை கழுவிவிடலாம்.

அன்றிரவு அழைப்புகள் முடிந்த பிறகு கெளுத்தி வகைகள் எப்படித் தின்கின்றன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அவற்றுக்குச் சுவை அறியும் மொட்டுகள் வாயில் மட்டும் இல்லை, மீசையிலும் துடுப்பிலும் தோல் முழுக்கவும் இருக்கின்றன. அமெரிக்காவில் பண்ணைகளில் வளர்க்கும் சேனல் கெளுத்தியின் உடம்பில் அவை ஒரு லட்சத்துக்கும் மேல். கலங்கிய தண்ணீரிலும் இருட்டிலும் தீனி தேடப் பழகிய உடம்பு அது. பெரும்பாலானவை இரவில்தான் மேயும். நான் பகலில், வெளிச்சத்தில், தண்ணீருக்கு மேலே தூவிக்கொண்டிருந்தேன். தொட்டியில் போட்டிருந்ததோ கூர்மையான சரளைக்கல். கோரி மணலில் மூக்கைப் புதைத்துப் புழு தேடும் மீன். சரளையில் உரசினால் மீசை தேய்ந்துவிடும். மிச்சமிருந்த இரண்டுக்கும் மீசை பாதிதான் இருந்தது.

சரளையை எடுத்துவிட்டுக் கழுவிய ஆற்று மணல் போட்டேன். மூழ்கும் குச்சித் தீனி வாங்கினேன், சக்கருக்குப் பாசி வில்லை வாங்கினேன். படித்ததில் சக்கரின் நீண்ட குடல் பற்றி ஒரு வரி இருந்தது. தாவரமும் பாசியும் செரிக்கும் குடல். அதைப் பிடித்துக்கொண்டு 'இது சைவம்' என்று முடிவு கட்டினேன். அம்மா பீர்க்கங்காயும் வெள்ளரியும் வில்லையாக நறுக்கி, இரண்டு நிமிடம் வேகவைத்துக் கொடுப்பாள். சக்கர் இரண்டும் மளமளவென்று வளர்ந்தன. 2021 ஐப்பசியில் ஒவ்வொன்றும் ஆறு அங்குலம்.

அப்போதுதான் ஏஞ்சலின் விலாவில் வட்டமாகச் செதில் போன இடங்களைப் பார்த்தேன். ஒருநாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்தால், பெரிய சக்கர் ஏஞ்சலின் மேல் ஒட்டி அதன் தோலைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது. மறுநாள் காலை ஒரு ஏஞ்சல் பக்கவாட்டில் மிதந்தது.

"கெட்ட பழக்கம் வந்துடுச்சு. இனி திருந்தாது" என்றார் அப்பா. "கோமுகில விட்டுடலாம். அவ்ளோ தண்ணி கெடக்கு, பொழச்சிக்கும்."

அது நல்ல மழைக்காலம். பெயிண்ட் வாளியில் மீனோடு அப்பாவின் வண்டியில் கச்சிராயபாளையம் வழியாக அணைக்குப் போனோம். கல்வராயன் மலை முழுக்க மேகம். ஓரமாக இறங்கி வாளியைச் சரித்தேன். சக்கர் கொஞ்ச நேரம் என் கால் பக்கத்திலேயே, அடிமண்ணில் வயிற்றை ஒட்டிக் கிடந்தது. பிறகு வாலை ஒரு வெட்டு வெட்டிப் போய்விட்டது. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. சிறையிலிருந்து ஒருவனை விட்டதுபோல் ஒரு பெருமைகூட.

அது கெட்ட பழக்கம் இல்லை, பசி என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் இரண்டு மாதம் ஆனது. சக்கர் முழுச் சைவம் கிடையாது. ஆற்றில் பாசியோடு சேர்த்துப் புழு, பூச்சி, செத்த மீன் எல்லாம் தின்னும். புரதம் போதாமல் போனால் தட்டையான, மெதுவாக நீந்தும் மீன்களின் மேல் இருக்கும் வழவழப்பைச் சுரண்டித் தின்ன ஆரம்பிக்கும். அதற்கு வேண்டியதை நான் போடவில்லை. போடாததன் விளைவைக் குற்றமாக்கி நாடு கடத்தினேன்.

நாடு கடத்திய இடம்தான் அதைவிடப் பெரிய பிரச்சினை. இந்த மீன் ஒன்றரை அடி வரை வளரும், பத்துப் பதினைந்து வருடம் வாழும். உடம்பு முழுக்கக் கவசம், அதனால் இங்கே அதைத் தின்னும் உயிர் குறைவு. கரையைக் குடைந்து வளை தோண்டி முட்டையிடும். மெக்சிகோவின் இன்ஃபியர்னியோ நீர்த்தேக்கத்தில் இது பெருகி, ஜிலேபி மீனை நம்பியிருந்த மீனவர்களின் வலைகளை நிரப்பியது. ஆந்திராவில் கிருஷ்ணா ஆற்று மீனவர்கள் இதைப் பேய் மீன் என்கிறார்கள், வலையைக் கிழிப்பதால். கொல்கத்தாவின் கிழக்கு ஈரநிலங்களிலும் கேரளத்துக் கால்வாய்களிலும் இருக்கிறது. யாரும் வேண்டுமென்று கொண்டுபோய்ப் பெருக்கவில்லை. என்னைப் போல் வாளியோடு போனவர்கள்தான் பலர்.

கல்லூரி நண்பன் ஒருவனுக்கு ஊர் வெள்ளிமலைக்குப் பக்கம், மலையாளிப் பழங்குடி. அவனிடம் இதைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. "எங்க ஓடையில கல்ல ஒட்டிக்கிட்டு பாசியச் சுரண்டித் தின்ற சின்ன மீனு இருக்குடா. விரல் நீளம்தான். உன் மீனும் அதையேதான தின்னும்?" என்றான். மலையில் பெய்வதுதான் ஓடைகளாக இறங்கிக் கோமுகியில் நிறைகிறது. அணை மீன் ஓடை ஏறுமா என்று அவனும் நானும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். ஒற்றை மீன் குட்டி போடாது என்று சமாதானம் சொன்னேன். "நீ ஒருத்தன்தான் விட்டியா?" என்று கேட்டான்.

'எதையும் தின்னும்' என்ற பேச்சு கெளுத்திகளுக்கு வேறு விதத்திலும் வினையாகியிருக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க இந்தியாவில் 2000இலேயே தடை வந்துவிட்டது. இருந்தும் திருட்டுத்தனமாக வளர்க்கும் குட்டைகளில் கோழிக்கடைக் கழிவைக் கொட்டுகிறார்கள். அங்கே எதையும் தின்னும் என்று கழிவைக் கொட்டுகிறார்கள், நான் எதையாவது தின்னும் என்று ஒன்றும் போடாமல் விட்டேன்.

மிச்சமிருக்கும் சக்கருக்கு இப்போது பன்னிரண்டு அங்குலம். ஆறடித் தொட்டி வாங்கி அதற்கென்றே விட்டிருக்கிறேன், துணைக்கு ஆறு கோரி. தீனியின் கணக்கு எளிது. ராத்திரி பதினொன்றரைக்கு விளக்கை அணைத்த பிறகுதான் போடுவேன். டப்பாவின் பின்பக்கம் முதலில் எழுதியிருப்பது மீன்தூளா, கோதுமை மாவா என்று பார்த்துத்தான் மூழ்கும் தீனி வாங்குகிறேன். முதலில் வருவதுதான் வழக்கமாக அதிகம் இருக்கும். கோரிக்குச் சின்னக் குச்சிகள், சக்கருக்குப் பாசி வில்லை. வாரம் மூன்று நாள் சுரைக்காயோ பீர்க்கங்காயோ, எவர்சில்வர் ஸ்பூனில் கட்டி மூழ்கவைத்து, காலையில் மிச்சத்தை எடுத்துவிடுவேன். சோறு, ரொட்டி கிடையாது. ஆட்டிறைச்சி, கோழிக் கொழுப்பு கிடையாது, குளிர்ந்த ரத்தமுள்ள உடம்புக்கு அந்தக் கொழுப்பு சேராது. வாரத்தில் ஒருநாள் பட்டினி. சுரண்டுவதற்கு நண்பன் அவன் கொல்லையில் பட்டுப்போன கொய்யா வேரைக் கொண்டுவந்து கொடுத்தான். அது ஊறி மூழ்க மூன்று வாரம் ஆனது.

எல்லாவற்றையும்விட அவை பாய்ந்து தின்பது மண்புழுவை. அதைச் சொன்னது அப்பா. "கெளுத்திக்குத் தூண்டில்ல வேற என்னத்தடா மாட்டுவோம்?" பூச்சிமருந்து படாத வாழையடி மண்ணில் தோண்டி எடுத்து, ஒருநாள் ஈரச்சாக்கில் வைத்து வயிற்று மண் கழிந்ததும், கழுவி நறுக்கித் தருகிறார். ஐம்பது வருடமாக அவருக்குத் தெரிந்திருந்தது. நான்தான் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் பதினொன்றரைக்கு இருந்த அழைப்பை நான் பன்னிரண்டுக்குத் தள்ளிவிட்டேன். மீனுக்குப் போட்டுவிட்டு வந்தால் அம்மாவின் தட்டையும் நானே எடுத்து வைக்கிறேன். "நீ போய் வேலையப் பாரு, நான் சாப்டுக்கறேன்" என்று இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள்.

மாதம் ஒருமுறையாவது கோமுகிக்குப் போகிறேன். பரிசலில் வலை எடுத்து வரும் பெரியவர் ஒருவர் பழக்கம். செல்பேசியில் படம் காட்டி, இதுபோல் ஏதாவது மாட்டியதா என்று கேட்பேன். முதல்முறை அவர், "விலையாவுமா தம்பி?" என்றார். ஆகாது, நான் விட்டது, மாட்டினால் திருப்பி விடாமல் எனக்குச் சொல்லுங்கள் என்றேன். போன முறை போனபோது நான் கேட்கும் முன்னரே கையை விரித்துக் காட்டினார். வலையில் கெண்டையும் ஜிலேபியும், ஓரத்தில் மீசையை ஆட்டிக்கொண்டு ரெண்டு நாட்டுக் கெளுத்தியும் இருந்தன.